ராஜ வீதியின் வியாபாரக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நகர வாயிலுக்குள் நுழைந்ததும் நேரே கோட்டைக்கும் கடற்கரைக்கும் போய்விடுகிறார்கள். வாயிலிலிருந்து கோட்டைத் திடலுக்குப் போகிற ராஜ வீதியில், கிங்ஸ் தெரு என்று சொல்கிறோமே, அதில் அவ்வளவாக யாரும் நிற்பதில்லை. நான் இன்று பேச வந்தது அந்த வீதியைப் பற்றித்தான். அங்குள்ள வீடுகளை அழகுக்காக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எந்தக் காலத்தில் எந்தச் சரக்கு ஓடியது, யார் கையில் காசு புரண்டது என்று கேட்டுக்கொண்டே நடந்தால்தான் அந்தத் தூண்களும் மதில்களும் ஏன் அங்கே வந்தன என்பது விளங்கும்.

1620-ஆம் ஆண்டு நவம்பரில், டென்மார்க்கிலிருந்து வந்த ஓவ் கெட்டே, இங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்ய, தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அவர்கள் தேடி வந்தது முதலில் மிளகு. கோட்டையைப் பார்த்தாலே அது ஒரு வியாபாரியின் கட்டிடம் என்று தெரிந்துவிடும். கீழ்த்தளத்தில் சரக்குக் கிடங்குகள். மேல்தளத்தில் தளபதியும் பாதிரியாரும் மூத்த வணிகர்களும். கடையும் வீடும் ஒன்றாக இருக்கிற நம் ஊர் வழக்கம்தான், பீரங்கியோடு.

அங்கே கப்பல் வந்து அணையும் துறை கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில்தான் மூட்டைகள் அலை தாண்டிக் கரைக்கு வரும். அதனால் கிடங்குகள் கடலை ஒட்டியே இருந்தாக வேண்டும். ஊர் கோட்டையடியிலிருந்து மேற்கே வளர்ந்ததற்கு இதுதான் காரணம்.

வியாபாரம் எப்போதும் செழித்திருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1655 முதல் 1669 வரை கோட்டைப் பொறுப்பில் இருந்தவர் எஸ்கில் கொங்ஸ்பாக்க. 1669-இல் ஒன்று வந்து சேரும்வரை, அந்த வருஷங்கள் முழுக்க டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. தாய்நாடு மறந்துவிட்டதோ என்ற நிலையிலும் அவர் ஊரைக் கைவிடவில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுந்ததும் அவர் காலத்தில்தான். அந்த மனிதரின் பிடிவாதத்தை நினைக்காமல் என்னால் அந்த வீதியில் நடக்க முடிவதில்லை.

1701-இல் சீயோன் ஆலயம், 1718-இல் புதிய எருசலேம் ஆலயம். இடையில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் அச்சுக்கூடம் நிறுவிய வரலாறு பலருக்கும் தெரியும். அச்சுக்குக் காகிதம் வேண்டுமே என்று பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். இதையும் ஊரின் தொழில் வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் ராஜ வீதிக்கு இன்றைய முகத்தைக் கொடுத்த காலம் வேறு. 1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது. பின்னால் பிரான்சும் ஹாலந்தும் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கின. கடலில் ஒருவர் கப்பலை ஒருவர் பிடித்தார்கள். டென்மார்க் நடுநிலை நாடு; அதன் கொடி பறக்கிற கப்பல் பத்திரமாகப் போய்ச் சேரும். ஆங்கிலக் கம்பெனியின் ஊழியர்களே இந்தியாவில் தாங்கள் சேர்த்த பணத்தை டேனிஷ் வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். துணியும் வெடியுப்பும் மிளகும் அந்தக் கொடியின் கீழ் போயின. எங்கோ நடந்த சண்டையில் தரங்கம்பாடியில் பணம் கொட்டியது.

கொட்டிய பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறியது. கோட்டைக்கு எதிரே நிற்கிற ஆளுநர் மாளிகை 1784-இல் கட்டப்பட்டது. முதலில் அது ஒரு தனியார் வீடு. அரசு அதைப் பிறகுதான் வாங்கியது. அதுவரை கிடங்குக்கு மேலே குடியிருந்த ஆளுநர், திடலைத் தாண்டி ஒரு மாளிகைக்கு வந்துவிட்டார். வியாபாரிகளின் ஊர் அரசாங்க ஊராக மாறியது இந்தத் திடலைத் தாண்டுகிற தூரத்தில் தெரிகிறது. வீதி நெடுகிலும் தூண் வைத்த முகப்புகளும் உயரமான மதில்களும் அந்தச் செழிப்பின் சாட்சிகள். நாம் நுழைகிற நகர வாயிலும் பழையது போய் 1792-இல் புதிதாக எழுந்ததுதான்.

நடுநிலைமை போனதும் எல்லாம் போயிற்று. 1801-இலும், பிறகு 1808 முதல் 1815 வரையிலும் ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. திரும்பிக் கிடைத்தபோது வியாபாரம் இல்லை. 1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்கத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடத் தொடங்க, சரக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் வந்ததோ 1926-இல்; 1986-இல் அதுவும் நின்றுபோனது. கடைத்தெரு இன்று பொறையாரில்தான்.

இந்த நொடிப்புத்தான் ராஜ வீதியைக் காப்பாற்றியது. வியாபாரம் பெருகியிருந்தால் அந்த மாளிகைகளை இடித்துவிட்டு வரிசையாகக் கடைகள் எழுப்பியிருப்பார்கள். மிஞ்சியவையும் சும்மா நிற்கவில்லை, ஏதோ ஒரு வேலை கிடைத்ததால்தான் நின்றன. வீதியில் இருக்கிற ரேலிங் வீடு என்ற மாளிகை கன்னியர் மடமானது. ஆளுநர் மாளிகை உப்புக் கிடங்கானது. கோட்டை பயணியர் விடுதியாக இருந்து 1979-இல் அருங்காட்சியகமானது. கடற்கரையில் ஆங்கிலேயக் கலெக்டர் குடியிருந்த பங்களா இன்று ஹோட்டல். ஆள் புழங்காத வீடுகள்தான் கூரை இறங்கி, ஆலஞ்செடி முளைத்து விழுந்தன.

உப்புக் கிடங்கானதால் ஆளுநர் மாளிகைக்குக் கூரை தப்பியது. ஆனால் உப்பு சுவருக்குள் ஏறியது. கடலோர வீடுகளுக்கெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. பழைய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அதிலுள்ள உப்பு செங்கல்லுக்குள் பூத்து, கல்லையே மாவாக உதிர்க்கும். பார்வைக்கு வழவழப்பாக இருக்கிற சுவர் உள்ளே கரைந்துகொண்டிருக்கும். நல்லது செய்வதாக நினைத்து எத்தனை வீடுகளை இப்படிக் கெடுத்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு வயிறெரிகிறது.

டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் தமிழக அரசும் சேர்ந்து ஆளுநர் மாளிகையைப் புதுப்பித்தபோது சுண்ணாம்புக்கே திரும்பினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கோல்டுஸ்மித் தெருவில், திண்ணையும் ஓட்டுக் கூரையும் கொண்ட நம் தமிழ் வீடுகள் சிலவற்றை, பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு மீட்டெடுத்தது. மாளிகைகளைவிட அந்தச் சிறிய வீடுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. துணியும் மிளகும் ஏற்றிய ஊரில் கைத்தொழிலால் வாழ்ந்தவர்கள் இருந்த இடம் அந்த மாதிரி வீடுகள்தானே.

பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ள வீட்டில் இருக்கிறவர்கள், பூச்சு உதிர்ந்தால் உடனே சிமெண்ட் மூட்டையைப் பிரித்துவிடாதீர்கள். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கூப்பிடுங்கள். வேலை கிடைத்தால்தான் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நன்றி, வணக்கம்.