இருபது மில்லியனைப் பங்கு பிரித்த கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

2015 மே 27 அதிகாலை. சூரிச் நகரின் ஆடம்பர ஹோட்டல் ஒன்றுக்குள் சுவிஸ் போலீசார் நுழைகிறார்கள். அன்று அந்த நகரில் கைதான கால்பந்து நிர்வாகிகள் ஏழு பேர். முகம் தெரியாமலிருக்க ஹோட்டல் ஊழியர்கள் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்த படம் உலகமெங்கும் வெளியானது. படம் சுவையானதுதான். ஆனால் விஷயம் அன்றே வெளிவந்த அமெரிக்கக் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது: 14 பேர், 47 குற்றச்சாட்டுகள். உலகக் கோப்பை எந்த நாட்டுக்கு என்ற ஓட்டு பேரம்தான் அதில் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். பெரும்பகுதி ஒளிபரப்பு உரிமை விற்பனையைப் பற்றியது.

அந்த வியாபாரம் நடக்கும் விதத்தை முதலில் பார்ப்போம். தென்னமெரிக்க நாடுகளின் பெரிய போட்டி கோபா அமெரிக்கா. நடத்துவது கான்மெபோல் என்ற கூட்டமைப்பு. அதில் 10 நாட்டுச் சங்கங்கள். இந்தக் கூட்டமைப்பு ஒவ்வொரு தொலைக்காட்சியிடமும் போய் விலை பேசவில்லை. நடுவில் ஒரு நிறுவனம் மொத்த உரிமையையும் வாங்கிக்கொண்டு, நாடு நாடாக, சேனல் சேனலாகப் பிரித்து விற்றது. நம் ஊரில் பூப்பூக்கும்போதே மாந்தோப்பைக் குத்தகை பேசுவார்களே, அதே முறை. குத்தகைத் தொகை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் குத்தகைதாரருக்கு லாபம்.

அப்படி நடுவில் நின்ற நிறுவனம் பிரேசிலைச் சேர்ந்த டிராஃபிக். அதன் அதிபர் ஜோசே ஹவில்லா. 1991-இல் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய நேரத்தில் கான்மெபோல் தலைவர் நிக்கோலஸ் லியோஸ் பேனாவை எடுக்க மறுத்தார் என்கிறது குற்றப்பத்திரிகை. 'நீ நிறையச் சம்பாதிக்கப் போகிறாய், எனக்கு ஒன்றும் இல்லையென்றால் நியாயமா?' என்பது அவர் வாதத்தின் சாரம். பணத்துக்குச் சம்மதம் கிடைத்த பிறகே கையெழுத்து. அதன்பின் அது வழக்கமாகிவிட்டது.

2010-இல் உரிமை ஃபுல் பிளே என்ற அர்ஜென்டினா நிறுவனத்துக்குக் கைமாறியது. டிராஃபிக் வழக்குப் போட்டது. வழக்கு முடிந்த விதம் விசித்திரம்: போட்டியாளர்கள் கூட்டாளிகளானார்கள். டிராஃபிக், ஃபுல் பிளே, இன்னொரு அர்ஜென்டினா நிறுவனமான டோர்னியோஸ் மூன்றும் சேர்ந்து டாடிசா என்று புது நிறுவனம் தொடங்கி, 2013-இல் 2015, 2019, 2023 கோபா அமெரிக்கா போட்டிகளுக்கும் அதன் 2016 நூற்றாண்டுப் போட்டிக்கும் கான்மெபோலுடன் 317.5 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டன.

இதற்குப் பின்னால் பேசப்பட்ட கையூட்டு 100 மில்லியன். ஐந்து தவணை, தவணைக்கு 20 மில்லியன்: கையெழுத்தானதும் ஒன்று, நான்கு போட்டிகளுக்கும் ஒவ்வொன்று. அந்த 20 மில்லியனைப் பிரித்த கணக்கைப் பாருங்கள். கான்மெபோல் தலைவர், பிரேசில், அர்ஜென்டினா சங்கத் தலைவர்கள் மூவருக்கும் தலா 3 மில்லியன். வேறு ஏழு நாட்டுச் சங்கத் தலைவர்களுக்குத் தலா ஒன்றரை. பதினோராவதாக ஒரு நிர்வாகிக்கு அரை. கூட்டினால் இம்மி பிசகாமல் 20. சம்பளப் பட்டியல் மாதிரி, பதவிக்கேற்ற படிநிலை! நூற்றாண்டுப் போட்டிக்காக வட, மத்திய அமெரிக்கக் கூட்டமைப்பின் தலைவருக்குத் தனியாக 10 மில்லியன். ஆக மொத்தம் பேசியது 110. அதில் குறைந்தது 40 மில்லியன் கைமாறிவிட்டது.

வாங்கும் நிறுவனம் நஷ்டப்பட்டுக் கொடுத்த பணமா இது? இல்லை. 110 மில்லியனைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தது என்றால், சங்கங்களுக்குப் போகவேண்டிய விலையில் அந்த அளவாவது குறைந்தது என்றுதான் பொருள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும்தான் தலைவர்களுடையது. விற்ற பொருள் சங்கத்துடையது.

உள்ளூரில் இதை ஏன் யாரும் பிடிக்கவில்லை? பராகுவேயில் இருக்கும் கான்மெபோல் தலைமையகத்துக்கு 1997-இல் ஒரு சட்டம் தூதரகத்துக்கு நிகரான பாதுகாப்பைக் கொடுத்திருந்தது. போலீஸ் உள்ளே போக முடியாது. 2015 கைதுகளுக்குப் பிறகுதான் அது ரத்தானது. சுவிட்சர்லாந்திலோ, 1990-களில் தனியார் அமைப்பின் நிர்வாகி தரகுப் பணம் வாங்குவது குற்றமே இல்லை. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் முன்னாள் தலைவர் ஹாவலாஞ்சுக்கு, விளையாட்டு உரிமைகளை வாங்கி விற்ற ஐ.எஸ்.எல். என்ற சுவிஸ் நிறுவனத்திடமிருந்து பணம் போனது ஆவணங்களில் நிரூபணமாகியும், லஞ்சத்துக்காக அவரைத் தண்டிக்க வழியில்லாமல் போனது அப்படித்தான்.

அமெரிக்காவுக்குப் பிடி கிடைத்தது இரண்டு இடங்களில். பணம் டாலரில், அமெரிக்க வங்கிகள் வழியாகப் போனது ஒன்று. இன்னொன்று வருமான வரி. நியூயார்க்கில் வாழ்ந்த ஃபிஃபா நிர்வாகி சக் பிளேசர் பல வருடங்களாக வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லை. அதில் சிக்கியவர் அப்ரூவராக மாறி, 2012 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்து வைத்துக்கொண்டு பழைய நண்பர்களைச் சந்தித்தார். ஹவில்லாவும் 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 151 மில்லியன் டாலர் திருப்பித்தர இசைந்தார். 2017-இல் நியூயார்க்கின் புரூக்ளின் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் ஃபுல் பிளேயின் கணக்கேடு வந்தது. பணம் வாங்கியவர்களுக்கு அதில் கார் கம்பெனிப் பெயர்கள். கான்மெபோலின் முன்னாள் தலைவர் நபூட்டுக்கு 9 ஆண்டு, பிரேசில் சங்கத்தின் மரினுக்கு 4 ஆண்டு சிறை. பெரு சங்கத்தின் புர்கா விடுதலையானார்.

பறிமுதலான பணம் என்ன ஆனது? சட்டத்தின் கண்ணில் ஏமாந்தவர்கள் சங்கங்களும் கூட்டமைப்புகளும்தான். அதனால் 2021 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை 201 மில்லியன் டாலர் வரை திருப்பித்தர ஒப்புக்கொண்டது. பெறுபவர்கள்: ஃபிஃபா, வட, மத்திய அமெரிக்கக் கூட்டமைப்பு, கான்மெபோல், அவற்றில் அடங்கிய பல நாட்டுச் சங்கங்கள். நன்றி, வணக்கம்.