முற்றுகையிட்டவரே முற்றுகைக்குள்: அலேசியாவில் சீசர் கட்டிய இரட்டை மதில்

வணக்கம். எதிரியின் கோட்டையை வளைக்க வந்த ஒரு படை, தன் முதுகுப்புறத்திலும் ஒரு மதிலை எழுப்பி, தன்னைத்தானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது என்றால் நம்புவீர்களா? கி.மு. 52-இல், இன்றைய பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள அலேசியா மலைக்கோட்டையைச் சுற்றி, ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசரின் படை அதைத்தான் செய்தது.

[திரையில்: காலியாவின் வரைபடம்]

பின்னணியை விரைவாகக் கடந்துவிடுவோம். கடனில் மூழ்கியிருந்த சீசர், பணத்தையும் புகழையும் தேடி, கி.மு. 58 முதல் காலியாவின், அதாவது இன்றைய பிரான்சும் அதன் அண்டைப் பகுதிகளும் அடங்கிய நிலத்தின், இனக்குழுக்களை ஒவ்வொன்றாக அடக்கிவந்தார். ஆறாண்டுகளுக்குப் பின், ஆர்வெர்னி குலத்து இளைஞர் வெர்சிங்கெடோரிக்ஸ், ஓயாமல் தமக்குள் மோதிக்கொண்டிருந்த அந்தக் குலங்களில் பலவற்றைத் திரட்டி, கெர்கோவியா மலைக்கோட்டையில் சீசரைப் பின்வாங்கவும் வைத்தார். ஆனால் அடுத்து நடந்த குதிரைப்படை மோதலில் தோற்று, அலேசியாவுக்குள் ஒதுங்கினார்.

[திரையில்: முற்றுகை அரண்களின் குறுக்குவெட்டுப் படம்]

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோட்டைக்குள் இருப்போர் வெளியேறாதபடி ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அரண். அவர்களை மீட்க வரும் படையைத் தடுக்க, வெளிப்பக்கம் பார்த்தபடி ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொன்று. 15 அடி அகல அகழிகளில் ஒன்றுக்கு ஆற்றுநீரைத் திருப்பிவிட்டு, 12 அடி உயர மண்மேட்டின் மீது 80 அடிக்கு ஒரு காவற்கோபுரம் நிறுத்தினார்கள். அதற்கும் முன்னால் மூன்றடி ஆழக் குழிகளைத் தோண்டி, தொடைப் பருமனுள்ள மரக்கழிகளின் நுனியைச் சீவி, நெருப்பில் காய்ச்சிக் கெட்டியாக்கி, நான்கு விரல் அளவு மட்டும் வெளியே தெரியும்படி நட்டார்கள். கழி அசையாதிருக்க அடியில் ஒரு அடி உயரத்துக்கு மண்ணை மிதித்து இறுக்கி, மேலே சுள்ளிகளைப் பரப்பி மறைத்தார்கள். இந்தக் கொலைப்பொறிக்குச் சிப்பாய்கள் வைத்த செல்லப்பெயர் லில்லிப் பூ! காலியாவை வென்றது வாளைவிட மண்வெட்டிதான் என்பது என் கருத்து.

இவையெல்லாம் சீசரே எழுதிவைத்த அளவுகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1860-களில் தொடங்கிவைத்த அகழாய்வும், 1990-களில் நடந்த அகழாய்வும் அரண்கள் இருந்ததை உறுதிசெய்தன. ஆனால் அவற்றின் அளவு இடத்துக்கு இடம் மாறியிருந்தது. மீட்க வந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர் என்று சீசர் சொல்வதையும் நான் பாதி சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். எதிரியைப் பெருக்கிக் காட்டினால் வெற்றியும் பெருகுமல்லவா?

கோட்டைக்குள் தானியம் தீர்ந்தபோது, அந்த ஊர்க்காரர்களான மாண்டுபி குலத்தாரை, பெண்கள் குழந்தைகளோடு வெளியே தள்ளினார்கள். அடிமைகளாகவாவது ஏற்றுக்கொண்டு சோறு போடுங்கள் என்று அவர்கள் கெஞ்சியும் சீசர் உள்ளே விடவில்லை. இதைத் தன் கைப்படவே, ஒரு வரி வருத்தமுமின்றி எழுதியிருக்கிறார்.

மீட்புப்படை வந்ததும் ரோமானியர்கள் இருதலைக் கொள்ளி எறும்பானார்கள். ஆயினும் அரண் தாங்கியது. வடமேற்கு மூலையில் உடையவிருந்த வரிசையைச் சீசரின் குதிரைப்படை பின்புறமாகச் சுற்றிவந்து காப்பாற்றியது. மறுநாள் வெர்சிங்கெடோரிக்ஸ் சரணடைந்தார். ஏடுயி, ஆர்வெர்னி ஆகிய இரு குலங்களின் கைதிகளை மட்டும் அரசியல் பேரத்துக்காக ஒதுக்கிவைத்த சீசர், மற்றவர்களைச் சிப்பாய்க்கு ஒருவர் வீதம் பங்கிட்டார். வெர்சிங்கெடோரிக்ஸ் ஆறாண்டுகள் சிறையில் கிடந்து, கி.மு. 46-இல் ரோமின் வெற்றி ஊர்வலத்தில் காட்டப்பட்டபின் கொல்லப்பட்டார்.

அவர் கோட்டைக்குள் ஒதுங்காமல், வயல்களை எரித்து எதிரியைப் பட்டினி போடும் தன் பழைய உத்தியையே தொடர்ந்திருந்தால் சீசர் தாக்குப்பிடித்திருப்பாரா? உங்கள் வாதத்தைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.