பதிலைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்கும் நிகழ்ச்சி: ஜெப்பர்டி ரசிகர்கள் ஒரு குறிப்பை எப்படிப் பிரித்துப் படிக்கிறார்கள்?

[திரை: இருட்டு. நடுவில் ஒரு நீலக் கட்டம். அதற்குள் வெள்ளை எழுத்து.]

குரல்: இந்த நீலக் கட்டத்தில் இருப்பதைப் படியுங்கள். "ஆங்கிலத்தில் எழுதும்போது பெயர் ஹெச் என்ற எழுத்தில் முடிகிற ஒரே நாடு. மக்கள்தொகையில் உலகின் முதல் 10 நாடுகளில் இதுவும் ஒன்று."

உங்களுக்கு 30 விநாடி. வீடியோவை நிறுத்திவிட்டு யோசித்துப் பாருங்கள்.

[திரை: 30 விநாடிக் கடிகாரம் ஓடுகிறது.]

குரல்: 2022 ஜனவரி 26. அமெரிக்காவின் ஜெப்பர்டி என்ற தொலைக்காட்சி வினாடி வினா மேடையில் ஏமி ஷ்னைடர் நிற்கிறார். தொடர்ந்து 40 ஆட்டம் ஜெயித்தவர். இது 41ஆவது. அவர் கையில் 27,600 டாலர் இருக்கிறது. இரண்டாவது இடத்தில் சிகாகோவைச் சேர்ந்த நூலகர் ரோன் டால்ஸ்மா, 17,600 டாலரோடு. கடைசிக் குறிப்பாக வந்தது இதுதான். 30 விநாடி முடிந்தபோது ஏமியின் திரையில் பதில் எதுவும் இல்லை. ரோன் 'பங்களாதேஷ்' என்று எழுதியிருந்தார். 12,000 டாலர் பந்தயம் கட்டியிருந்ததால் 29,600க்கு ஏறிவிட்டார். ஏமி 19,400க்கு இறங்கினார். அவருடைய ஓட்டம் அதோடு முடிந்தது.

நம்மில் பலர் இதை 5 விநாடியில் சொல்லியிருப்போம். பக்கத்து நாடு ஆயிற்றே! ஆனால் மேடையில் நிற்பவருக்கு அது ஏன் வரவில்லை என்று ரசிகர்கள் பேசிய பேச்சில்தான் விஷயம் இருக்கிறது. இந்தக் குறிப்புக்கு இரண்டு வாசல். ஒன்று எழுத்து வாசல். ஒவ்வொரு நாடாக நினைத்து, அதன் கடைசி எழுத்தைப் பார்ப்பது. ஏறக்குறைய 200 நாடுகள், 30 விநாடி, பின்னணியில் அந்த இசை. அந்த வழியில் போனால் ஊர் போய்ச் சேர முடியாது. இன்னொன்று மக்கள்தொகை வாசல். சீனா, இந்தியா, அமெரிக்கா, இந்தோனேசியா, பாகிஸ்தான், பிரேசில், நைஜீரியா, பங்களாதேஷ். எட்டாவதில் கதவு திறந்துவிடுகிறது. குறிப்பின் முதல் பாதி கண்ணைப் பறிக்கிறது, இரண்டாம் பாதி வழியைக் காட்டுகிறது. அந்த இரண்டாம் பாதி எதற்கு எழுதப்பட்டது என்று பார்ப்பவருக்குத்தான் விடை.

நமக்கு இதில் இன்னொரு சிரமமும் உண்டு. தமிழில் 'பங்களாதேஷ்' என்று எழுதினால் அந்த ஹெச் கண்ணுக்கே தெரியாது, 'ஷ்' அதை விழுங்கிவிடுகிறது. 'வங்கதேசம்' என்றே நினைத்துப் பழகியவருக்கு இன்னும் தூரம்.

[திரை: பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி.]

குரல்: நிகழ்ச்சியைப் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போவோம். 1950களில் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளில் பெரிய ஊழல் வெடித்தது. சில போட்டியாளர்களுக்குத் தயாரிப்பாளர்களே பதிலை முன்கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். 1959இல் விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. அதற்குப் பிறகு இந்த மாதிரி நிகழ்ச்சி என்றாலே மக்கள் நம்பவில்லை. மெர்வ் கிரிஃபின் என்ற தயாரிப்பாளர் நியூயார்க்குக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தபோது, அவருடைய மனைவி ஜூலன் ஒரு யோசனை சொன்னார்: பதிலை நாமே கொடுத்துவிடலாம், அவர்கள் கேள்வியைச் சொல்லட்டும். "5,280" என்றார் ஜூலன். "ஒரு மைலுக்கு எத்தனை அடி?" என்றார் மெர்வ். 1964 மார்ச் 30 அன்று என்பிசியில் ஆர்ட் ஃப்ளெமிங் தொகுத்து வழங்க ஜெப்பர்டி தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1984 செப்டம்பரில் அலெக்ஸ் ட்ரெபெக்கோடு வந்தது. 2020 நவம்பர் 8 அன்று கணையப் புற்றுநோயால் இறக்கும்வரை அவர்தான் தொகுப்பாளர். அவர் இல்லாத ஜெப்பர்டியைப் பல வீடுகளில் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

[திரை: 6 பத்தி, 5 வரிசை கொண்ட நீலப் பலகை.]

குரல்: பலகையில் 6 தலைப்பு, தலைப்புக்கு 5 குறிப்பு. முதல் சுற்றில் 200 டாலரிலிருந்து 1,000 வரை, இரண்டாம் சுற்றில் அதுவே இரட்டிப்பு. ஆக 60 குறிப்பு, கடைசியில் பந்தயம் கட்டி விடையை எழுதும் ஃபைனல் ஜெப்பர்டி ஒன்று. நடுவில் 3 இடங்களில் 'டெய்லி டபுள்' ஒளிந்திருக்கும். அதைத் திறந்தவர் மட்டும், தான் விரும்பும் தொகையைப் பந்தயம் கட்டிப் பதில் சொல்லலாம். நாம் இங்கே பார்த்துப் பழகிய கோடீஸ்வர நிகழ்ச்சி போல நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் வசதி கிடையாது. குறிப்பு மட்டும்தான் துணை.

அப்புறம் பஸ்ஸர், அதாவது பதில் சொல்ல முந்திக்கொள்வதற்காகப் போட்டியாளர் அழுத்தும் பொத்தான். டிவியில் பார்க்கிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். "அவருக்குப் பதில் தெரியவில்லை போல, அழுத்தவே இல்லையே" என்போம். பெரும்பாலும் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கும், மூன்று பேரும் அழுத்தியிருப்பார்கள். தொகுப்பாளர் கடைசிச் சொல்லைப் படித்து முடித்த பிறகு ஒருவர் சுவிட்சைத் தட்டுவார். பலகையின் இரு பக்கமும் விளக்கு எரியும். அதன் பிறகுதான் பஸ்ஸர் வேலை செய்யும். முந்திக்கொண்டு அழுத்தினால் கால் விநாடிக்குப் பூட்டிக்கொள்ளும். அந்தக் கால் விநாடியில் பக்கத்தில் இருப்பவர் பதிலைச் சொல்லிவிடுவார். 1984இல் தொடங்கிய முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம் என்றுதான் இருந்தது. மறு ஆண்டே அதை மாற்றிவிட்டார்கள். இந்தத் தாளம் பிடிபட்டவருக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் பலம். ஒரே நாளில் 5 ஆட்டம் பதிவு செய்கிறார்கள். நேற்று ஜெயித்தவருடைய கை ஏற்கெனவே பழகியிருக்கும், புதிதாக வருபவருக்கோ அதுதான் முதல் ஆட்டம்.

[திரை: ஒரு தாள். பென்சிலால் எண்களை எழுதும் கை.]

குரல்: சரி, ரசிகர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து போடும் கணக்குக்கு வருவோம். ஃபைனலில் எவ்வளவு பந்தயம் கட்டுவது?

2004இல் கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்தார். மொத்தம் 25,20,700 டாலர். அதற்கு முந்தைய ஆண்டுதான், 5 ஆட்டம் ஜெயித்தால் விலகிவிட வேண்டும் என்ற பழைய விதியை எடுத்திருந்தார்கள். 75ஆவது ஆட்டத்தில் இரண்டு டெய்லி டபுளைத் தவறவிட்டார். ஃபைனலுக்கு வரும்போது அவரிடம் 14,400, எதிரே நான்சி ஜெர்க்கிடம் 10,000. குறிப்பு இது: "இந்த நிறுவனத்தின் 70,000 பருவகால அலுவலகப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு நான்கு மாதம்தான் வேலை செய்கிறார்கள்."

பருவகாலம் என்றதும் கென்னின் மனம் கிறிஸ்துமஸ் பார்சலுக்குப் போய்விட்டது. 'ஃபெடெக்ஸ்' என்று எழுதினார். ஆனால் குறிப்பில் 'அலுவலகப் பணியாளர்' என்று ஒரு சொல் இருக்கிறதே! பார்சல் தூக்குபவரை அப்படிச் சொல்ல மாட்டார்கள். மேசையில் உட்கார்ந்து நான்கு மாதம் மட்டும் செய்யும் வேலை என்ன? வருமான வரிக் கணக்கு. விடை ஹெச் அண்ட் ஆர் பிளாக். நான்சி அதைத்தான் எழுதியிருந்தார். அவருடைய பந்தயம் 4,401 டாலர். ஏன் அந்த ஒரு டாலர்? 10,000உடன் 4,401ஐக் கூட்டுங்கள்: 14,401. கென் பந்தயமே கட்டாமல் சும்மா இருந்தாலும் அவரைவிட ஒரு டாலர் கூடுதல்.

[திரை: மூன்று எண்கள். 26,600. 23,400. 11,000.]

குரல்: இதைவிட அழகான கணக்கு 2019 ஜூன் 3 அன்று நடந்தது. லாஸ் வேகஸைச் சேர்ந்த விளையாட்டுப் பந்தயக்காரர் ஜேம்ஸ் ஹோல்ஷவர் அதுவரை 32 ஆட்டம் ஜெயித்திருந்தார். பலகையின் அடியில் இருக்கும் பெரிய தொகையிலிருந்து ஆரம்பிப்பார், பணம் சேர்ந்ததும் டெய்லி டபுளைத் தேடிப் போய் மொத்தத்தையும் வைப்பார். ஒரே ஆட்டத்தில் 1,31,127 டாலர் வென்றவர். அன்று எதிரே எம்மா பெட்சர். ரோனைப் போல அவரும் சிகாகோ நூலகர். முதுகலைப் படிப்பில் அவர் எழுதிய ஆய்வே ஜெப்பர்டி குறிப்புகளைப் பற்றியது. ஒரு குறிப்பின் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அது கடினமா, எளிதா என்று கணிக்க முடியுமா என்று பார்த்திருக்கிறார். நிகழ்ச்சி மேல் எவ்வளவு பிரியம் இருந்தால் ஒருவர் அதை ஆய்வுக்கு எடுப்பார்!

ஃபைனலுக்கு முன் எம்மா 26,600. ஜேம்ஸ் 23,400. மூன்றாமவர் 11,000. எப்போதும் அள்ளி வைக்கும் ஜேம்ஸ் அன்று வெறும் 1,399 டாலர் வைத்தார். அடுத்த நாள் ஊரெல்லாம் ஒரே கேள்வி: வேண்டுமென்றே தோற்றாரா?

இல்லை. தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். எம்மா ஜேம்ஸை மிஞ்ச வேண்டும் என்றால், ஜேம்ஸ் இரட்டிப்பாக்கினால் வரும் 46,800ஐத் தாண்ட வேண்டும். அதற்கு அவர் 20,201 வைக்க வேண்டும். அதைத்தான் வைத்தார். அவர் விடை சரி என்றால் ஜேம்ஸ் எவ்வளவு வைத்தாலும் தோல்விதான். எம்மா தவறினால்தான் ஜேம்ஸுக்கு வாய்ப்பு. அப்போது அவர் பார்க்க வேண்டியது மூன்றாமவரை மட்டும். அவர் 11,000ஐ இரட்டிப்பாக்கினால் 22,000. ஜேம்ஸ் 1,399ஐ இழந்தால் மிஞ்சுவது 22,001. விடை தவறினாலும் ஒரு டாலரில் தப்பிக்கலாம். தோற்ற ஆட்டத்திலும் அந்த மனிதர் ஒரு டாலரைக்கூடத் தவறாக வைக்கவில்லை. ரசிகர்கள் இதை எண் எண்ணாகப் போட்டுக் காட்டிய பிறகுதான் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்தது.

அன்றைய குறிப்பையும் சொல்லியாக வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் "சின்ன அறையில் ஒரு பெரிய கணக்குத் தீர்ப்பு" என்ற பொருளில் ஒரு வரி வரும். அது எந்த எழுத்தாளரின் அகால மரணத்தைக் குறிக்கிறது? விடை கிறிஸ்டோபர் மார்லோ. 1593இல் டெட்ஃபோர்டில் ஒரு வீட்டில், சாப்பாட்டுக் கணக்கை யார் கொடுப்பது என்ற தகராறில் குத்திக் கொல்லப்பட்டார் என்று விசாரணையில் பதிவானது. நாம் 'அவன் கணக்கைத் தீர்த்துட்டாங்க' என்று சொல்வோமே, அதே இரட்டைப் பொருள் அந்த ஆங்கிலச் சொல்லிலும் இருக்கிறது. மூன்று பேரும் சரியாக எழுதினார்கள். எம்மா 46,801.

[திரை: நடுவர்கள் மேசை. அதில் ஒரு அகராதி.]

குரல்: சண்டை வருவது உச்சரிப்பில். 2018 ஜனவரியில், ஒரு பாட்டின் பெயரையும் ஒரு காவியத்தின் பெயரையும் ஒட்ட வைக்கும் குறிப்பு வந்தது. கூலியோ பாடிய 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்', மில்டன் 1667இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்'. போட்டியாளர் 'கேங்ஸ்டர்ஸ் பாரடைஸ் லாஸ்ட்' என்றார். முதலில் சரி என்றார்கள். இடைவேளையில் நடுவர்கள் அகராதியைப் பார்த்தார்கள். கேங்ஸ்டா, கேங்ஸ்டர் இரண்டும் ஆக்ஸ்ஃபோர்டில் தனித்தனிச் சொல். கொடுத்த 1,600ஐயும் எடுத்து, தவறுக்கு இன்னொரு 1,600ஐயும் கழித்தார்கள். ஒரே ஒரு 'ர்' 3,200 டாலரை விழுங்கிவிட்டது. பலருக்குக் கோபம். பல்லிக்கும் பள்ளிக்கும் வித்தியாசம் தெரிந்த மொழிக்காரன் என்ற முறையில், நான் நடுவர்கள் பக்கம்தான். நல்லவேளை, அவர் அந்த ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்.

2021இல் 38 ஆட்டம் ஜெயித்த மேட் அமோடியோ விஷயத்தில் நான் போட்டியாளர் பக்கம். ஆள், ஊர், புத்தகம் எதுவானாலும் அவர் 'வாட்ஸ்' என்றே கேட்பார். 'யார்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'என்ன' என்பது காதுக்கு உறுத்தல்தான். ஆனால் விதி கேட்பது கேள்வி வடிவத்தை மட்டும்தான். மனத்தில் ஒரு சுமையைக் குறைத்துக்கொண்டு விடையில் கவனம் வைத்தார்.

வீட்டில் உட்கார்ந்து ஆடுபவர்களுக்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. 1996இல் போட்டியிட்ட கார்ல் கோரியட் பெயரால் 'கோரியட் ஸ்கோர்' என்பார்கள். சரியான பதிலுக்கு அந்தக் கட்டத்தின் தொகையைக் கூட்டுங்கள், தவறுக்குக் கழியுங்கள். டெய்லி டபுள் தவறினால் கழிக்க வேண்டாம், சரியானால் கட்டத்தின் தொகை மட்டும். ஃபைனலைச் சேர்க்காதீர்கள். பந்தயத்தின் அதிர்ஷ்டம் எல்லாம் போய், குறிப்பைப் படிக்கும் திறன் மட்டும் எண்ணாக நிற்கும். நான் கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறேன். அமெரிக்கக் கால்பந்து என்ற தலைப்பு வந்தால் என் பத்தியில் வெறும் சுழிதான். உலக வரலாறு வந்தால் கொஞ்சம் தலை நிமிர்கிறது.

[திரை: மீண்டும் நீலக் கட்டம். தலைப்பு: அமெரிக்க நகரங்கள்.]

குரல்: கடைசியாக ஒரு குறிப்பு. "இதன் மிகப்பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயர். இரண்டாவது பெரியதற்கு அதே போரின் ஒரு சண்டையின் பெயர்."

2011 பிப்ரவரியில் ஐபிஎம்மின் வாட்சன் என்ற கணினி, கென் ஜென்னிங்ஸோடும் இன்னொரு பழைய வெற்றியாளர் பிராட் ரட்டரோடும் மோதியது. பஸ்ஸரில் அதை யாராலும் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் ஃபைனலில் இந்தக் குறிப்பு வந்தது. வாட்சனின் திரையில் 'டொராண்டோ' என்று தெரிந்தது, பின்னால் ஐந்து கேள்விக்குறி. கனடா நகரம்! ஜெப்பர்டியில் தலைப்புகள் பல நேரம் வெறும் சொல் விளையாட்டாக இருக்கும் என்பதால், தலைப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபடி வாட்சனை உருவாக்கியிருந்தார்கள். தன் விடை மேல் அதற்கே நம்பிக்கை இல்லாததால் 947 டாலர்தான் வைத்திருந்தது. மொத்தப் போட்டியை அது 77,147 டாலரோடு எளிதாக ஜெயித்தது.

பெரிய விமான நிலையம் ஓஹேர். கடற்படை விமானி எட்வர்ட் ஓஹேரின் பெயர். இரண்டாவது மிட்வே. 1942இல் பசிபிக்கில் நடந்த சண்டை.

கென்னும் பிராடும் சிகாகோ என்று எழுதியிருந்தார்கள்.

[திரை: நீலக் கட்டம் அணைகிறது.]