மறுகால் எவ்வளவு அகலம்?

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வருமுன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: “சார், பேய்மழை கொட்டினால் வைகை அணை தாங்குமா?” “சுவர் தாங்கும்யா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது அரைப் பதில். மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழியும் மறுகால் ராத்திரியில் பாய்ந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் தாத்தா நிம்மதியாகத் தூங்குவார். மழை வலுத்தும் சத்தம் வரவில்லையென்றால்தான் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகக் கரைக்கு ஓடுவார். மறுகாலில் முள்ளும் சருகும் அடைத்திருக்கும். நண்டு வளையில் தண்ணீர் கசியும். வைக்கோலைத் திணித்து மிதிப்பார். கரை பலத்தைவிட மிச்சத் தண்ணீர் போகும் வழியைத்தான் அவர் கவனித்தார். பெரிய அணைக்கும் அதே கணக்குதான்.

கல்லால் கட்டிய அணையின் தலைக்கு மேல் தண்ணீர் கொஞ்ச நேரம் வழிந்தாலும் நிற்க வாய்ப்புண்டு. மண்ணணை அப்படியல்ல. வழியும் தண்ணீர் பின்சரிவை அரிக்கும், சிறு பள்ளம் வாய்க்காலாகும், சில மணி நேரத்தில் கரையே இருக்காது. குஜராத்தில் மோர்பி நகருக்கு மேலே இருந்த மச்சு இரண்டாம் அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று அப்படித்தான் போனது. நடுவில் கல் கட்டு, இருபுறமும் மண்கரை. வந்த வெள்ளமோ, மதகுகள் வெளியேற்றக் கணக்கிட்டதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இறந்தவர்கள் எத்தனை ஆயிரம் என்பதில் இன்றுவரை ஒரே கணக்கு இல்லை.

அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? பெரிய அணை என்றால், அதற்குத் தண்ணீர் தரும் மலையில் இயற்கையாகப் பெய்யக்கூடிய உச்ச மழையைக் கணித்து, அதில் திரளும் வெள்ளத்துக்கு வழி விட வேண்டும் என்பது இன்றைய விதி. கணிப்புக்கு ஆதாரம் பழைய மழைப்பதிவு. பழைய அணைகள் பல, பதிவே குறைவாக இருந்த காலத்தில் கட்டியவை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. நம் மதுரைக்கு ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாக அவ்வளவு கிடைப்பதில்லை!

இப்போது வைகைக்கு வருவோம். 1959இல் திறந்த அணை, தண்ணீர் தேக்கும் உயரம் 71 அடி, கொள்ளளவு சுமார் 6 டிஎம்சி, அதாவது 600 கோடி கனஅடி. நொடிக்கு 70,000 கனஅடி நீர்வரத்து ஒரே ஒரு நாள் நீடித்தால், காலி அணையே நிரம்பிவிடும். பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக அளவோடுதான் வரும். வைகை பிறக்கும் வருசநாட்டு மலையில் கொட்டுவதற்கு அந்த அளவெல்லாம் கிடையாது. கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும். அதற்கு மேல் ஐந்தடிதான் அவகாசம்.

அணையை நிரப்பி வையுங்கள் என்பார் மேலூர் விவசாயி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கொஞ்சம் காலி செய்யுங்கள் என்பேன் நான். அவர் பக்கம்தான் ஓட்டு அதிகம் (சிரிப்பு). தப்பில்லை, அவருக்குச் சோறு அதில் இருக்கிறது. ஆனால் மழை முன்னறிவிப்பு வந்த பிறகும் தயங்கினால், கடைசியில் எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டிவரும். அப்போது அணை பிழைக்கும், மதுரையில் யானைக்கல் தரைப்பாலம் முழுகும்.

2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரிய அணைகளுக்கெல்லாம் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும் என்கிறது அது. எவ்வளவு திறந்தால் எந்தத் தெருவரை தண்ணீர் வரும் என்ற வரைபடமும் அதில் இருக்க வேண்டும். டீக்கடைப் பெரியவர் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் வீடு எங்கே, செல்லூரா? ஆரப்பாளையமா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள். அந்த வரைபடத்தைக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.