வக்காலத்தில் யார் பெயர்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர்களே, வணக்கம்.

முதல் தலைமுறை வழக்கறிஞர் நீதிபதி ஆகப் பெரிதும் துணை நிற்பது சொந்த உழைப்பா, மூத்தவரின் வழிகாட்டலா என்பது தலைப்பு. உழைப்பே என்று பேசிய எதிரணித் தலைவர் ஸ்ரீபதியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண். நம்ம சேர்வராயன் மலையில் இருப்பதும் அதே மக்கள்தான். குழந்தை பெற்ற சில நாளிலேயே சென்னை போய்த் தேர்வெழுதி, 2024-ல் 23 வயதில் சிவில் நீதிபதியாகத் தேர்வானார். அந்த உழைப்பை யாருங்க மறுப்பது?

ஆனால் தலைவர் ஒன்றை விட்டுவிட்டார். அதே ஸ்ரீபதி இன்று படிப்பை முடித்த கையோடு விண்ணப்பம் போட முடியாது. 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற விதியை மீட்டுக் கொண்டுவந்துவிட்டது. 2002-ல் நீக்கப்பட்ட விதி, இனி வரும் தேர்வுகளுக்கெல்லாம் பொருந்தும். பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கு, அதுவரை நல்லது. மூன்று ஆண்டுக்குச் சான்றிதழ்? அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதித்துறை அலுவலர் தர வேண்டும். இல்லையென்றால் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, அந்த அலுவலர் மேலொப்பம் போட வேண்டும்.

இங்கேதான் முதல் தலைமுறைப் பிள்ளை சறுக்குகிறது. மூன்று வருடம் வாய்தா வாங்கியிருக்கும், நகல் மனு போட்டிருக்கும், மெமோ எழுதியிருக்கும். ஆனால் வக்காலத்தில், அதாவது கட்சிக்காரர் வக்கீலை நியமிக்கும் தாளில், பெயர் சீனியருடையது மட்டும். அப்புறம் தொழில் செய்ததற்கு ஆதாரம் எங்கே? அப்பா வக்கீலாக இருக்கும் வீட்டில் முதல் நாளே பிள்ளை பெயர் வக்காலத்தில் ஏறிவிடும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற பிள்ளைக்கு அது ஏற வேண்டும் என்பதே தெரியாது. சொல்லித் தர ஒரு ஆள் வேண்டும்: ‘பெயரைப் போடு, பதிவு எண்ணைப் போடு, ஆஜரான வழக்கு எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வை’.

அடுத்தது பணம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை சொன்னது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000. சேலத்துக்கு 15,000. கீழே சில சீனியர்கள் செல்போனைப் பார்க்கிறார்கள், பரவாயில்லை. இந்தப் பணம் வராத பிள்ளை ஆறாவது மாதம் வேறு வேலை தேடும். வழிகாட்டல் என்பது முதலில் இந்தப் பதினைந்தாயிரம், பிறகுதான் அறிவுரை.

‘பயிற்சி மையம் போதாதா?’ என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். சட்டப் பிரிவை மனப்பாடம் செய்யப் போதும். முதன்மைத் தேர்வு நான்கு தாள், தலா 100 மதிப்பெண். ஒரு தாள் முழுக்க மொழிபெயர்ப்பு. ‘நான் பொய்யாகச் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல’ – குறுக்கு விசாரணையில் அன்றாடம் கேட்கிற வரி. கோர்ட் வாசலை மிதிக்காதவர் எழுதுவார்: ‘இஃப் ஐ டிபோஸ் ஃபால்ஸ்லி, இட் இஸ் நாட் கரெக்ட்’. ‘பொய் சொன்னால் தப்பு’ என்று சாட்சி கூண்டில் நின்று நீதிபோதனை வகுப்பு எடுக்கிறார்! உண்மையில் ‘நீங்கள் பொய் சொல்கிறீர்கள்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் போட்ட சஜஷனை அவர் மறுக்கிறார்: ‘இட் இஸ் நாட் கரெக்ட் டு சஜஸ்ட் தட் ஐ ஆம் டிபோசிங் ஃபால்ஸ்லி’. இது காதில் விழுந்து வர வேண்டிய பாஷை.

தீர்ப்பு எழுதுவது இன்னும் கடினம். ஏற்காட்டில் ஒரு ஏக்கர் காபி நிலம் என்று வையுங்கள். வாதி ‘என் நிலத்தில் தலையிடாதே’ என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும் கேட்கிறார். பிரதிவாதி, ‘நிலமே உன்னுடையதல்ல’ என்கிறார். புதியவர் ஒரே எழுவினா, அதாவது கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்வி, வனைவார்: ‘வாதிக்கு உறுத்துக்கட்டளை கிடைக்குமா?’ வழக்குத் தாக்கலான நாளில் நிலம் யார் அனுபவத்தில் இருந்தது என்பதைக் காணோம். உரிமையிலேயே சிக்கல் இருக்கும்போது ‘உரிமை என்னுடையதே என்று அறிவியுங்கள்’ என்ற விளம்புகை கேட்காத வழக்கு நிலைக்குமா என்பதையும் காணோம். 2008-ல் அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்ன விஷயம் இது. எழுவினா தப்பினால் அப்புறம் நாலு பக்கம் சாட்சியத்தை ஒப்பித்து, ‘ஆகவே வாதி நிரூபித்துள்ளார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். காரணம் எங்கே? செலவுத்தொகை பற்றிய உத்தரவு எங்கே?

இதற்கு மருந்து மிக எளிது. முடிந்துபோன வழக்குக் கட்டிலிருந்து தீர்ப்பு நகலை உருவிக்கொள்ளுங்கள், கட்சிக்காரர் பெயர்களை மறைத்துவிடுங்கள். வழக்குரை, எதிர்வழக்குரை, சாட்சியம், ஆவணங்களை ஜூனியர் கையில் கொடுத்து மூன்று மணி நேரம் கேள்வி கேட்காமல் எழுதவிடுங்கள். பிறகு உருவி வைத்த தீர்ப்போடு பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுவினாவாகத் திருத்துங்கள். மாதம் இரண்டு கட்டு போதும். இரண்டு வருடத்தில் நாற்பத்தெட்டு தீர்ப்பு. அவ்வளவு கட்டுகளும் இருக்கிற இடம் சீனியரின் பீரோ.

‘சீனியர் கட்டுத் தூக்கத்தான் சொல்வார்’ என்றும் ஒருவர் கேலி செய்தார். நடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது வழிகாட்டல் இல்லை, சுமைகூலி. அந்தத் தப்புக்காக வழிகாட்டலே வேண்டாம் என்றால், ஒரு டிரைவர் மோதினார் என்று சேலத்தில் பஸ்ஸையே நிறுத்துவீர்களா?

‘இட ஒதுக்கீடு இருக்கிறதே’ என்பது அவர்களின் கடைசி அம்பு. கீழ்க் கோர்ட்டுத் தேர்வில் இருக்கிறது. பழங்குடியினருக்கு ஒரு சதவீதம். உயர் நீதிமன்ற நியமனத்தில் ஒதுக்கீடே இல்லை. 2018-லிருந்து நாடு முழுக்க நியமிக்கப்பட்ட 715 உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22, பழங்குடியினர் 16, பிற பிற்படுத்தப்பட்டோர் 89. நாடாளுமன்றத்தில் 2025-ல் சொன்ன கணக்கு. அங்கே தேர்வுத் தாளும் கிடையாது. யார் எந்த வழக்கில் நன்றாக வாதாடினார் என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய வழக்கை ஜூனியரிடம் கொடுத்து, ‘இன்றைக்கு நீ பேசு’ என்று ஒதுங்கி உட்கார ஒரு சீனியர் இல்லாவிட்டால் அந்தப் பெயர் யார் காதிலும் விழாது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியில் அடுத்து வருபவரிடம் ஒரே கேள்வி: அந்த மூன்றாண்டுச் சான்றிதழில் சொந்த உழைப்பு எந்த இடத்தில் கையெழுத்துப் போடும்?