அஞ்சு கிளாஸும் உள்ள போயிடுச்சு மக்களே!

வணக்கம் மக்களே! காத்து அடிக்குது, குரல் கேக்குதா? சரி. இப்ப நான் நிக்கிறது பிரான்ஸ்ல ஒயினுக்குப் பேர்போன செந்த் எமிலியோன்ங்கிற ஊர். போர்தோ நகரத்துல ரயில் ஏறுனா முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஊரையும் இந்தத் திராட்சைத் தோட்டங்களையும் சேத்தே 1999ல யுனெஸ்கோ பாரம்பரிய இடமா அறிவிச்சுட்டாங்க. நம்ம கம்பம் பக்கம் மாதிரி பந்தல் இல்ல பாருங்க, இடுப்பு உயரத்துக்குக் கம்பி கட்டி வரிசையா விட்டிருக்காங்க.

மதியம் ஒரு எஸ்டேட்ல ஒயின் டேஸ்டிங், அதாவது ருசி பாக்குறது. கீழ இறங்குனா ஜில்லுனு இருக்கு. சுண்ணாம்புக் கல்லு வெட்டி எடுத்த பழைய சுரங்கம், அதுலதான் பீப்பாவை அடுக்கி வச்சிருக்காங்க. ஒண்ணு 225 லிட்டர், கிட்டத்தட்ட 300 பாட்டில் வரும்.

இங்க மெர்லோ திராட்சைதான் ராஜா, கூட கொஞ்சம் கபெர்னே ஃப்ராங். இளசான ஒயினை வாயில வச்சா கொட்டைப்பாக்கு மென்ன மாதிரி நாக்கு இழுக்குது. டானின் டானின்னு சொன்னாங்க. அட, நம்ம துவர்ப்புதாங்க அது! வயசான ஒயின்ல அந்த இழுப்பு அடங்கிப் போயிருக்கு.

ருசி பாத்த ஒயினைத் துப்புறதுக்கு மேஜை மேல ஒரு வாளி இருந்துச்சு. பக்கத்துல நின்ன அம்மா கொப்பளிச்சு, ஒரு சொட்டு வெளிய சிந்தாம அதுல சர்ருனு துப்புறாங்க. எங்க தாத்தாவோட படிக்கம்தான் ஞாபகம் வந்துச்சு, அதே குறி! எனக்கு நாலு பேர் முன்னாடி துப்ப ஒரே கூச்சம். முழுங்கிட்டேன். அஞ்சு கிளாஸும். மொத கிளாஸுக்கு நோட்டுல அரைப் பக்கம் எழுதியிருக்கேன். அஞ்சாவதுக்கு என்ன இருக்கு தெரியுமா? ‘நல்லா இருக்கு. ரொம்ப.’ அவ்வளவுதான். நல்லவேளை கார் எடுத்துட்டு வரல.

ராத்திரி சாப்பாட்டுக்கு, கவாத்து பண்ணுன திராட்சைக் குச்சிய எரிச்சு அந்தத் தணல்ல மாட்டுக்கறி சுட்டாங்க. புகை வாசம் தூக்கலா, அருமை. ஆனா நான் சொல்ல வந்தது சூப்பைப் பத்தி. எதிர்ல உக்காந்திருந்த பெரியவர், கிண்ணத்துல கடைசியா கொஞ்சம் சூப்பை மிச்சம் வச்சு, அதுல சிவப்பு ஒயினை ஊத்தி, ஒரு சுத்து சுத்தி, ரெண்டு கையால தூக்கி மடமடன்னு குடிச்சிட்டாரு. ஷாப்ரோன்னு பேராம், தென்மேற்கு பிரான்ஸ் கிராமத்துப் பழக்கம். ரசத்தை அப்படிக் குடிச்சு வளந்தவன்கிட்டயா காட்டுறீங்க? நானும் ஊத்துனேன், தூக்குனேன். இளஞ்சூடு, லேசான புளிப்பு, அடியில மசிஞ்ச காய்.

ரெண்டு கையும் கிண்ணத்துல இருந்ததால அதை மட்டும் வீடியோ எடுக்கல, மன்னிச்சுக்கோங்க.