21-க்கும் 23-க்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்கள் எஃப்டிபி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பும் நெறிமுறை அது. அதன் முதல் வரையறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போனவர். இன்றைய இணையம் அப்போது பிறக்கவில்லை. அதன் முன்னோடியான அர்பாநெட் என்ற நெட்வொர்க்கில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அந்தச் சூழலுக்கு அது அருமையான வேலை என்றே நான் நினைக்கிறேன்.

1985இல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் அதைச் சீர்படுத்தி எழுதினார்கள். அந்த வடிவம்தான் இன்றும் அடிப்படை. சர்வரின் 21ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசலில், கட்டளைகள் போகும். கோப்பு தனி இணைப்பில் வரும். அந்த இணைப்பு எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதைக் கோப்பு கேட்பவரே சொல்லலாம். இதை வைத்து, சர்வரை மூன்றாவது ஒரு கணினியோடு பேச வைத்துத் துழாவியவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய ஓட்டை, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எந்தப் பூட்டும் இல்லாமல் எழுத்துக்கு எழுத்து அப்படியே போவது. வழியில் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்று இருந்தால் போதும், எல்லாம் அதன் கையில்.

1995இல் பின்லாந்தில் அதுதான் நடந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ அப்படியொரு நிரலை வைத்துப் பாஸ்வேர்டுகளை அள்ளிவிட்டார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யூலோனென் உட்கார்ந்து எஸ்எஸ்ஹெச் என்ற நெறிமுறையை எழுதினார். இதில் எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் போகும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட்டுக்குப் போர்ட் 23, எஃப்டிபிக்கு 21. இரண்டின் இடத்தையும் பிடிக்கப்போகும் தன் நிரலுக்கு நடுவிலிருந்த 22 வேண்டும் என்று, போர்ட் எண்களை ஒதுக்குபவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டார். மறுநாளே கிடைத்தது. கொடுத்துப் பதில் எழுதியவர், 1985இல் எஃப்டிபியைச் சீர்படுத்திய அதே ஜாய்ஸ் ரெனால்ட்ஸ்! எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

அந்த எஸ்எஸ்ஹெச் மேல் ஓடும் கோப்பு அனுப்பும் முறைதான் எஸ்எஃப்டிபி. எஃப்டிபிஎஸ் என்பது வேறு. பழைய எஃப்டிபிக்கே டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பாதுகாப்பு சேர்த்தது. இரண்டில் எது என்றாலும் சரி. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இலேயே வெறும் எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன. ஆனாலும் அது ஒழிந்தபாடில்லை. கடை, பள்ளி, சிறு பத்திரிகை எனப் பலருடைய தளங்களுக்கு இன்னமும் அதில்தான் கோப்புகள் ஏறுகின்றன. இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

எனவே கோப்பு அனுப்பும் மென்பொருளைத் திறந்து, நெறிமுறை என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறும் எஃப்டிபி என்றால் எஸ்எஃப்டிபிக்கு மாற்றுங்கள். சர்வர் அதை ஏற்காவிட்டால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். போர்ட் 22தானா, அவர்கள் வேறு எண் வைத்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மாற்றிய பிறகு பழைய பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அது இத்தனை நாள் திறந்த வழியில் போய்வந்தது. அப்புறம், முதல்முறை இணையும்போது சர்வரின் கைரேகை என்று நீளமாக ஒரு குறியீடு காட்டி, நம்பலாமா என்று கேட்கும். படிக்காமல் சரி என்று அழுத்திவிடாதீர்கள். சர்வரை நிர்வகிப்பவரிடமிருந்து அந்தக் குறியீட்டைத் தனியாகக் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். வணக்கம்.